அப்பமாவுக்குள் ஒரு பம்ப்

பார்க்டேல் அடுக்குமாடியில் பனிக்காலத்தில் அப்பத்துக்கு மா புளிக்க வைப்பது லேசான வேலை இல்லை. அம்மா சட்டியை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துத் துணியால் மூடுவார். ஊரில் கள்ளு விட்டுப் புளிக்க வைப்பார்களாம். இங்கே கடை ஈஸ்ட். “அது உயிரோட இருக்கு, குளிர விடாதை” என்பார்.

அந்த உயிர் எப்படிச் சாப்பிடுகிறது? இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி நம் ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில் கிடைத்தது.

ஈஸ்டுக்குச் சீனி கொடுத்தால் சுற்றியுள்ள நீர் அமிலமாகிறது. பொட்டாசியம் உள்ளே போகிறது, ஹைட்ரஜன் அயனி வெளியே வருகிறது. 1946இல் டப்ளினில் எட்வர்ட் கான்வே இதை அளந்து எழுதினார். அதே ஆண்டு ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏசர் ரோத்ஸ்டைனும் ஈஸ்டின் பொட்டாசியம் பற்றி எழுதினார். அவர் வான்கூவரில் பிறந்தவர். அணுகுண்டுத் திட்டத்துக்காக யுரேனியத்தின் நச்சுத்தன்மையை ஆராய்ந்த இடம் அது. யுரேனியம் ஈஸ்டின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டதுமே, அது சீனி எடுப்பது தடைப்படுவதை அவர் கண்டார். அப்படியென்றால் செல்லின் மேற்பரப்பு வெறும் பை இல்லை; அங்கே வேலை நடக்கிறது.

அந்த வேலைக்காரர்களில் முக்கியமானது ஒரு புரதப் பம்ப். ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழித்து, அது புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. வெளியே குவிந்தவை திரும்ப உள்ளே வரப் பார்க்கும். வரும்போது மாவிலுள்ள மால்டோஸ் சீனியையும் கூட்டிக்கொண்டு வரும். செடியின் வேரும் மண்ணிலிருந்து நைட்ரேட்டை இப்படித்தான் எடுக்கிறது. நம் உடலின் செல்கள் புரோட்டானுக்குப் பதில் சோடியத்தைத் தள்ளுகின்றன.

ஆனால் அப்பமாவின் புளிப்புக்கு இந்தப் பம்ப் காரணம் என்று நினைக்க வேண்டாம். அதில் பெரும்பங்கு பாக்டீரியா உண்டாக்கும் லாக்டிக் அமிலம்.

1986இல் ரமோன் செரானோவும் தோழர்களும் ஈஸ்ட் பம்பின் மரபணுவைப் படித்தார்கள். அது இல்லாமல் ஈஸ்ட் வளராது. அது நம் சோடியம் பம்புக்குச் சொந்தம் என்பதும் அப்போது தெரிந்தது. 2007இல் செடிப் பம்பின் வடிவமும் வெளியானது. 1946இன் அளவீட்டிலிருந்து அதுவரை 61 ஆண்டுகள்.

ரோத்ஸ்டைன் 1972இல் ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையின் ஆய்வு நிலையத்துக்குத் தலைவராக வந்தார். பார்க்டேலில் குயின் ஸ்ட்ரீட்கார் ஏறினால் போய்விடும் தூரம்தான்.

உங்கள் வீட்டுச் சட்டியில் மா பொங்கும்போது ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அந்தச் சின்ன உயிரும் நாமும் தூரத்துச் சொந்தம்.