விதவை ஆசிரியையான வரலாறு: சகோதரி சுப்பலட்சுமி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணக் கல்வித்துறையை ஒரு முரண்பாடு வாட்டியது. பெண் குழந்தைகளை ஆண் ஆசிரியரிடம் அனுப்ப உயர்சாதிக் குடும்பங்கள் தயங்கின. பெண் ஆசிரியர்களோ போதிய அளவில் இல்லை. திருமணமான பெண்ணுக்கு வீடே உலகம் என்றிருந்த காலம் அது. அதே காலத்தில், வீட்டிலும் இடமின்றி வெளியிலும் வழியின்றி ஆயிரக்கணக்கான குழந்தை விதவைகள் முடங்கிக் கிடந்தனர். இவ்விரு சிக்கல்களும் ஒன்றுக்கொன்று விடையாகும் என்பதைச் செயலில் காட்டியவர் ஆர். எஸ். சுப்பலட்சுமி (1886–1969).

அவரே குழந்தை விதவை. பதினொரு வயதளவில் மணமாகி, மிகக் குறுகிய காலத்திலேயே கணவரை இழந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்தை ஏற்கவில்லை. வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்துப் பின்னர்க் கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். இல்லறத்திற்கு வெளியேயும் ஒரு பெண்ணுக்கு மதிப்பான வாழ்வு உண்டு என்பதை அக்கன்னியரிடம் அவர் கண்டார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரியானார்.

அடுத்த ஆண்டே, எழும்பூரில் தம் வீட்டில் நான்கு இளம் விதவைகளுடன் விடுதியொன்றைத் தொடங்கினார். பள்ளி ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்ச் இதற்குத் துணை நின்றார். அரசு ஆதரவும் கிட்டியது. பின்னர் அவ்விடுதி, ஒருகாலத்தில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்த கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. அங்குப் பயின்றோர் ஆசிரியைகளாக வெளியேறினர்.

கந்துகூரி வீரேசலிங்கம் 1881இல் ராஜமந்திரியில் நடத்திவைத்த விதவை மறுமணத்தோடு இதை ஒப்பிடலாம். அவர் விதவையை மீண்டும் மனைவியாக்க முயன்றார்; சுப்பலட்சுமி அவளை ஊதியம் பெறும் ஆசிரியையாக்கினார். மறுமணத்தை முன்னிறுத்தாததாலேயே, வைதிகக் குடும்பங்கள் தம் பெண்களை அவரிடம் ஒப்படைக்கத் துணிந்தன.

இந்த உத்திக்கு ஒரு விலையும் இருந்தது. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கே உரியதாக இருந்தது. சாதி ஆசாரத்தைக் காப்பதாக உறுதியளித்தே கைம்மையின் கட்டு தளர்த்தப்பட்டது. ஒரு விடுதலை மற்றொரு வேலியின் உள்ளேயே நிகழ்ந்தது என்பதை மறைத்து எழுதும் புகழுரை வரலாறாகாது. அவ்வேலியை மட்டுமே கண்டு, உள்ளே மாறிய வாழ்வுகளைக் காணாத விமர்சனமும் முழுமையாகாது.

1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல்வரானார். அரசுப் பள்ளிகளில் இடம்பெற இயலாத, வயது கடந்த பெண்களுக்காக 1927இல் சாரதா வித்யாலயம் எழுந்தது. 1956இல் மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி தொடங்கப்பட்டதிலும் அவருக்குப் பங்குண்டு.

‘சகோதரி’ என்ற அடைமொழியும் கருதத்தக்கது. தமிழில் கைம்பெண்ணைக் குறித்த சொற்கள் யாவும் இழப்பையே சுட்டின. பல வசையாகவும் வழங்கின. இறந்த கணவரைச் சாராமல், உயிருடன் இருக்கும் பெண்களோடு உறவு கூறும் ஒரு விளி அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. அவர் கட்டிய பள்ளிகளைப் போலவே அதுவும் ஒரு நிறுவனந்தான்.