நிலவில் கிடைத்த கண்ணாடி மணி: எரிமலையில் பிறந்ததா, விண்கல் மோதலில் பிறந்ததா?

1972 டிசம்பர். அப்போலோ 17-ல் நிலவுக்குப் போன புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட், ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் ஆரஞ்சு நிற மண்ணைப் பார்த்தார். பூமிக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தபோது, அது முழுக்கப் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள். சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை பீய்ச்சியடித்த குழம்பு, துளித்துளியாக உறைந்தவை.

ஆனா, நிலவில் இருக்கும் எல்லா மணியும் எரிமலையில் பிறந்ததல்ல. விண்கல் மோதும் சூட்டில் தரை உருகித் தெறித்தாலும் இதே மாதிரி மணிகள் உருவாகும்.

எப்படிப் பிரிக்கிறாங்க?

மணியின் மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். அந்த நிறமாலையைப் படித்தால் எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். எரிமலை மணியில் பொதுவாக அலுமினியத்தைவிட மெக்னீசியம் தூக்கலாக இருக்கும். உள்ளே எங்கே அளந்தாலும் கலவை ஒரே சீர். மோதலில் உருவான மணியில் கலவை இடத்துக்கு இடம் மாறலாம். விண்கல்லின் நிக்கலும் உருகாத பாறைத் துணுக்கும் கலந்திருக்கலாம்.

தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். கண்ணாடியிலுள்ள இரும்பு, அகச்சிவப்பு ஒளியைப் படிகக் கனிமங்களைப் போலக் குறுகலாக இல்லாமல், அகலமாக உறிஞ்சும். நம்ம சந்திரயான்-1-ல் பறந்த நாசாவின் எம்3 கருவி பதிவு செய்தது இத்தகைய நிறமாலைகளைத்தான். அந்தத் தரவை வைத்து, நிலவின் பல எரிமலைக் கண்ணாடிப் படிவுகளில் நீரின் தடயம் இருப்பதாக 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது.

பிறப்பிடம் தெரிஞ்சு என்ன லாபம்?

எரிமலை மணியில் நீர் இருந்தால், அது நிலவின் உள்ளிருந்து வந்திருக்கலாம். 2008-ல் அப்போலோ மணிகளில் அப்படி நீர் கண்டறியப்பட்டது. சீனாவின் சாங்'இ-5 கொண்டுவந்த மோதல் மணிகளிலும் நீர் உண்டு. ஆனால் அதற்கான ஹைட்ரஜன் வந்தது சூரியக் காற்றிலிருந்து என்கிறது 2023 ஆய்வு.

வயது விஷயத்திலும் இதே கதைதான். சாங்'இ-5 எடுத்துவந்த எரிமலைப் பாறைகளின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகள். அதே மண்ணில் கிடைத்த சுமார் 3,000 மணிகளைச் சலித்து, 3 மட்டும் எரிமலையில் பிறந்தவை என 2024-ல் விஞ்ஞானிகள் முடிவுக்கு வந்தனர். அவற்றின் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அதாவது, பூமியில் டைனோசர்கள் உலவிய காலத்திலும் நிலவில் எரிமலை வெடித்திருக்கிறது. அந்த 3 மணிகளும் மோதலில் பிறந்தவை என்று நாளை நிரூபணமானால், இந்த முடிவும் மாறிவிடும்.