தகுதியுள்ள ஏழை!

சக்கர நாற்காலிகள் வரிசையாக வந்து நின்றன. 2017 ஜூன் 22ஆம் நாள். இடம் வாஷிங்டன் நகரில் அமெரிக்க செனட் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மிச் மெக்கானலின் அலுவலக வாயில். வந்தவர்களோ உடல் ஊனமுற்றோர், நடக்க இயலாதோர், மூச்சுவிடவும் இயந்திரத்தின் துணை வேண்டுவோர் சிலர். நாற்காலியை விட்டிறங்கித் தாழ்வாரத் தரையிலே படுத்தனர். மெடிக்கெய்டை வெட்டாதே என்று முழங்கினர். காவலர் வந்தனர், தூக்கினர், சுமந்து சென்றனர். அன்று கைதானோர் 43 பேர்.

களவாடினரா? இல்லை. கலகம் விளைத்தனரா? அதுவுமில்லை. பின் ஏன் கைது? மருந்தும் மருத்துவரும் எங்கள் உரிமை, அதைப் பறிக்காதீர் என்றனர். அவ்வளவே!

அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே ஏழையின் மருந்துப் புட்டியைப் பறிக்க என்னென்ன சூழ்ச்சிகள் நடந்தன, அவற்றை மக்கள் எப்போது முறியடித்தனர், எப்போது தோற்றனர் என்பதை அறிவது, உரிமைக்காக உழைக்க விரும்பும் எவர்க்கும் பாடம். அதிலும், அந்தச் சூழ்ச்சிகளின் நடுநாயகமாக விளங்கிய சொல் ஒன்று, நாம் நன்கறிந்த சொல். அதுதான் "தகுதி"!

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1945இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன், நாட்டு மக்கள் அனைவர்க்கும் மருத்துவக் காப்பு வேண்டுமென்று காங்கிரசைக் கேட்டார். மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க மருத்துவக் கழகம் வெகுண்டெழுந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் தண்டி, விளம்பர வல்லுநரை அமர்த்தி, "இது சோஷலிசம்!" என்று பூச்சாண்டி காட்டியது. திட்டம் வீழ்ந்தது. 1961இல், முதியோர்க்கு மட்டுமேனும் காப்பு அளிப்போம் என்ற பேச்சு எழுந்தபோது, மருத்துவர்களின் துணைவியர் அண்டை வீட்டாரைக் காப்பி விருந்துக்கு அழைத்து இசைத்தட்டொன்றைச் சுழலவிட்டனர். அதிலே எழுந்த குரல், இன்று மருத்துவத்தில் கைவைக்கும் சர்க்கார் நாளை உங்கள் சுதந்திரத்திலும் கைவைக்கும் என்று எச்சரித்தது. குரலுக்குரியவர், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான நடிகர் ரொனால்டு ரீகன்!

இத்தனையும் மீறி, 1965 ஜூலை 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் சட்டத்தில் கையொப்பமிட்டார். மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டென்ஸ் நகருக்கே சென்று, முதியவர் ட்ரூமனை அருகிலமர்த்திக்கொண்டு கையொப்பமிட்டார். ஒரே சட்டத்தில் இரண்டு திட்டங்கள் பிறந்தன. 65 வயது நிரம்பியோர்க்கு மெடிக்கேர். ஏழைகட்கு மெடிக்கெய்ட். முன்னது நாடு முழுமைக்கும் ஒன்று. பின்னதோ, மைய அரசும் மாநிலங்களும் சேர்ந்து பணம் போடுவது. சேர்வதும் சேராதிருப்பதும் மாநிலத்தின் விருப்பம். கடைசி மாநிலமான அரிசோனா வந்து சேர்ந்தது 1982இல்தான்!

அது மட்டுமா? ஏழைகட்குத் திட்டம் என்றோமே, எல்லா ஏழைகட்குமா? அல்ல, தோழர்களே! குழந்தையுள்ள தாய், குழந்தை, முதியவர், பார்வையற்றவர், ஊனமுற்றவர் என வகை பிரித்தது சட்டம். வகைக்குள் வந்தவன் தகுதியுள்ள ஏழை. உடலில் வலுவிருந்து, பிள்ளையின்றி, வயிறு மட்டும் காய்ந்தவன் தகுதியற்ற ஏழை! அவனுக்குப் புற்றுநோய் வந்தால்? பெரும்பாலான மாநிலங்களில் சட்டத்தின் விடை, வெறும் மௌனம். நம்நாட்டில் ஏழையின் துன்பத்துக்கு முற்பிறவியைக் காரணம் காட்டினர். அங்கே அவனுடைய சோம்பலைக் காட்டினர். காட்டிய விரல் வேறு. கதவு சாத்தப்பட்டது ஒன்றே.

இந்தப் பிரிவினை என்ன விளைவைத் தந்தது என்பதற்கு டென்னசி மாநிலம் சான்று. அங்கே மெடிக்கெய்டுக்குப் பெயர் டென்கேர். வகைக்குள் வராத வயது வந்தோர்க்கும், நோயாளி என்று தனியார் காப்பு நிறுவனங்கள் தள்ளிவிட்டோர்க்கும் அது இடமளித்து வந்தது. 2005இல் செலவு மிகுந்துவிட்டது என்று கத்தி தூக்கினார் கவர்னர் பிரெடசன். ஏழைகளின் தோழனாகத் தன்னைக் கூறிக்கொள்ளும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவரே அவர்! குழந்தைகளைத் தொடவில்லை, வகைக்குள் வந்தோரை விலக்கவில்லை, மற்றவர்களை வெட்டினார். ஏறத்தாழ 1,70,000 பேர் காப்பிழந்தனர். நோயாளிகளும் அவர்தம் நண்பர்களும் தலைமைச் செயலக மாளிகையிலே உட்கார்ந்து கிளர்ச்சி செய்தனர். வாரக்கணக்கில் இரவும் பகலும் அங்கேயே கிடந்தனர். வீரத்தில் குறைவில்லை. ஆனால் தனித்து நின்றனர். வெட்டு நிற்கவில்லை.

2010 மார்ச்சில் ஒபாமா ஆட்சி கொண்டுவந்த சட்டம், வகை பிரிக்கும் வேலியைப் பிடுங்கியது. வறுமைக் கோட்டுக்குரிய வருமானத்தில் 138 விழுக்காடு வரை ஈட்டும் எவர்க்கும் மெடிக்கெய்ட் என்றது; தாயா, தனியனா என்று கேட்கவில்லை. 2012 ஜூனில் உச்சநீதிமன்றம் குறுக்கிட்டது. இந்த விரிவை ஏற்பதும் மறுப்பதும் மாநிலத்தின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. பல மாநிலங்கள் மறுத்தன.

2017 வந்தது. குடியரசுக் கட்சி, செனட்டையும் பிரதிநிதிகள் சபையையும் தலைவர் பதவியையும் ஒருசேரப் பிடித்திருந்தது. மே 4ஆம் நாள், பிரதிநிதிகள் சபை 217க்கு 213 என்ற கணக்கில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குலைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. காங்கிரசின் சொந்த வரவு செலவுக் கணக்கு அலுவலகமே சொல்லிற்று: இது சட்டமானால் 2026க்குள் காப்பற்றோர் தொகை 2.3 கோடி கூடும். பத்தாண்டுகளில் மெடிக்கெய்டுக்கான மைய அரசின் செலவு 83,400 கோடி டாலர் குறையும். எதிர்த்து நிற்க யாரிருக்கிறார்கள் என்று எண்ணினர் ஆள்வோர். இருந்தனர்!

முதல் தடையே விந்தையானது. மெடிக்கெய்டில் இருந்தோர் பலர்க்குத் தாம் மெடிக்கெய்டில் இருப்பதே தெரியாது! கலிபோர்னியாவில் அதற்கு மெடி-கால் என்று பெயர், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர், மெய்னில் மெய்ன்கேர். வெட்டப்போவது உம் கையிலுள்ள அட்டையைத்தான் என்று வீடுவீடாக விளக்குவதே முதற்பணியாயிற்று. அடுத்தது, காங்கிரசில் ஊழியம் புரிந்து அதன் நெளிவு சுளிவறிந்த சிலர் எழுதிப் பரப்பிய வழிகாட்டி. தலைநகரை நோக்கிக் கூக்குரலிடுவதைவிட, உம் தொகுதி உறுப்பினரை உம் ஊரிலேயே மடக்கிக் கேள்வி கேளும் என்பது அதன் சாரம். 2017 பிப்ரவரியில் உறுப்பினர்கள் ஊர் திரும்பியபோது, நகர மண்டபங்கள் நிரம்பி வழிந்தன. உறுப்பினர் சிலர் மக்களைக் காணவே அஞ்சிக் கூட்டத்தைத் தவிர்த்தனர்!

வேலையைப் பகிர்ந்துகொண்ட முறை கவனிக்கத்தக்கது. கைதாகத் துணிந்தோர் ஊனமுற்றோர். 1978இல் டென்வர் நகரில் தாம் ஏற முடியாத பேருந்துகளை மறித்த போராட்ட மரபிலே வந்த 'அடாப்ட்' அமைப்பினர் அவர்கள். மூச்சுக் குழாய் பொருத்திய குழந்தைகளை அழைத்துக்கொண்டு செனட்டர்களின் அலுவலகங்களுக்குச் சென்றோர் தாய்மார்கள். நாட்டுப்புற மருத்துவமனை மூடப்பட்டால் அடுத்த மருத்துவமனை எத்தனை மைல் என்று கணக்குக் காட்டினர் மருத்துவமனைக்காரர். முதியோர் இல்லங்களில் வாழ்வோரில் பாதிக்கு மேற்பட்டோரைத் தாங்குவது இந்த ஏழைகளின் திட்டமே என்று நினைவூட்டினர் முதியோர் சங்கத்தார். ஒகையோவின் கேசிக், நெவாடாவின் சாண்டோவல் போன்ற குடியரசுக் கட்சிக் கவர்னர்களே தம் கட்சியின் மசோதாவை எதிர்த்தனர். ட்ரூமனை வீழ்த்தவும் முதியோர் காப்பைத் தடுக்கவும் முனைந்த அந்த அமெரிக்க மருத்துவக் கழகம், இம்முறை ஏழைகளின் பக்கம் நின்றது! கிளர்ச்சியின் வலிவை இதைவிட எது காட்டும்?

இவர்களெல்லாம் ஒரே கட்சியினரா? இல்லை. ஒரே நலம் உடையோரா? அதுவுமில்லை. ஆனால் ஒன்றில் உறுதியாயிருந்தனர். குழந்தைகளை மட்டும் விட்டுவிடுகிறோம், ஊனமுற்றோரை மட்டும் விட்டுவிடுகிறோம் என்ற பேரத்துக்கு அவர்கள் இணங்கவில்லை. டென்னசியில் தனித்தனியே பிரிந்து கிடந்தோர், இங்கே ஒரே அணியாயினர்.

ஜூலை 28, நள்ளிரவு கடந்த வேளை. செனட்டில் இறுதி வாக்கெடுப்பு. குடியரசுக் கட்சியின் சூசன் காலின்சும் லிசா முர்கோவ்ஸ்கியும் எதிர்த்தனர். மூளையில் புற்றுநோய் கண்டு சில நாட்களே ஆகியிருந்த ஜான் மெக்கெய்ன் எழுந்து வந்தார். கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49க்கு 51. மசோதா மாண்டது! மறுநாள் ஏடுகள் மூவரைப் பாராட்டின. நாம் அந்த மூவரைக் குறை கூறவில்லை. ஆனால் அந்த விரலை அசைத்த காற்று, அலுவலகத் தாழ்வாரங்களிலும் ஊர் மண்டபங்களிலும் ஆறு மாதமாக வீசிய காற்று என்பதை மறவோம்.

வெற்றி பரவியது. மெய்ன் மாநிலத்தில் சட்டமன்றம் ஐந்துமுறை விரிவை ஏற்க, கவர்னர் லபாஜ் ஐந்துமுறையும் தடுத்தார். மக்கள் கையெழுத்துத் திரட்டி நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். 2017 நவம்பரில் 59 விழுக்காட்டினர் 'வேண்டும்' என்றனர். 2018இல் ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா. 2020இல் ஒக்லஹோமா, மிசூரி. 2022இல் தெற்கு டகோட்டா என்று அதே வழி தொடர்ந்தது. இவை குடியரசுக் கட்சியின் கோட்டைகள்! ஆள் யார் என்று கேட்டபோது ஒரு கட்சிக்கு வாக்களித்தவர்கள், மருந்து யாருக்கு என்று கேட்டபோது எல்லோர்க்கும் என்றனர்.

பகைவர் ஓய்ந்தனரா? வேறு வாயிலால் வந்தனர். பழைய சொல்லையே தூசிதட்டி எடுத்துக்கொண்டு வந்தனர். 2018 ஜூனில் அர்க்கன்சாஸ் மாநிலம், மாதம் 80 மணி நேரம் உழைத்ததாகக் கணக்குக் காட்டுவோர்க்கே காப்பு என்றது. உழைப்பவனுக்கு என்ன அச்சம் என்று கேட்பீர்கள். கணக்கைக் கணினியில்தான் காட்ட வேண்டும் என்றனர்; அந்த வலைத்தளமோ இரவு 9 மணிக்குக் கதவடைத்துக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும்! உழைத்துக் களைத்து வீடு திரும்புபவன் எப்போது கணக்கெழுதுவது? சில மாதங்களில் 18,000க்கு மேற்பட்டோர் காப்பிழந்தனர். அவர்களிலே உழைப்பாளிகளும் இருந்தனர், விலக்குப் பெறவேண்டிய நோயாளிகளும் இருந்தனர். வேலைவாய்ப்பு உயர்ந்ததாக ஆய்வு எதுவும் காட்டவில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தியது.

ஆனால் 2025இல் அதே விதி நாடு தழுவிய சட்டமாயிற்று. வரிக்குறைப்பு முதல் எல்லைக்காவல் வரை எல்லாம் திணித்த பெரிய மூட்டையொன்றில் மெடிக்கெய்ட் வெட்டையும் வைத்துக் கட்டினர். மீண்டும் சக்கர நாற்காலிகள் வந்தன. மீண்டும் கைது நடந்தது. ஜூலை 1ஆம் நாள் செனட்டில் 50க்கு 50 என்று நின்ற தராசைத் துணைத்தலைவர் வான்சின் ஒற்றை வாக்கு சாய்த்தது. ஜூலை 4ஆம் நாள், அந்நாட்டின் விடுதலை நாளில், கையொப்பம்! 2034க்குள் காப்பற்றோர் ஏறத்தாழ ஒரு கோடி கூடுவர் என்றது அதே கணக்கு அலுவலகம். 80 மணி நேர விதி 2027 தொடக்கத்துக்குள் நடப்புக்கு வரவேண்டும் என்று நாள் குறித்தனர். இடையே வரும் 2026 நவம்பர்த் தேர்தல் கழியட்டும் என்ற கணக்கு அது!

2017இல் வென்றது, 2025இல் ஏன் தோற்றது? காரணங்கள் பல. நாம் முதன்மையாகக் கருதுவது ஒன்று. முதன்முறை, "ஏழையின் காப்பைப் பறிக்கிறோம்" என்று வெளிப்படையாக வந்தனர். ஏழைகளும் ஏழைகளின் நண்பர்களும் ஒன்றாயினர். மறுமுறை, "தகுதியற்றவனை மட்டும் நீக்குகிறோம்" என்று வந்தனர். கேட்டவரில் பலர், அது நானல்ல, அடுத்த வீட்டுக்காரன் என்றெண்ணினர். அடுத்த வீட்டுக்காரனும் அவ்வாறே எண்ணினான்!

உரிமையைச் சலுகையாக்கவும், சலுகையைப் பிச்சையாக்கவும் வல்ல சொல் "தகுதி". கல்விச்சாலை வாயிலிலும் பணிமனை வாயிலிலும் அச்சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காய்ப்பேறிய காது நம்முடையது. மருத்துவமனை வாயிலிலும் அது ஒலிக்குமானால், "நோயாளிக்கு நோயே தகுதி" என்று விடை கூறும் அறிவு வேண்டும். அவ்விடையைப் பலரும் ஒருவாயாகக் கூறும் ஒற்றுமை வேண்டும். ஒருவரைக் காட்டி ஒருவரைக் காக்கும் பேரத்தை ஏற்காதவரை வென்றனர் அம்மக்கள். ஏற்ற இடத்தில் இழந்தனர். இந்தப் பாடத்தை, தரையிலே படுத்துக் கைதான அந்த 43 பேரும் நமக்கும் சேர்த்தே எழுதிவைத்தனர்.