மகப்பேற்று அவசரநிலைக் குழுப்பயிற்சி

மகப்பேற்று அவசரநிலைக் குழுப்பயிற்சி என்பது, பேற்றின்போது எதிர்பாராது நேரும் ஆபத்துகளை மருத்துவமனைப் பணியாளர்கள் குழுவாக ஒத்திகை பார்த்துப் பழகும் முறையாகும். இவற்றுள் பரவலாக அறியப்படுவது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள சவுத்மீட் மருத்துவமனையில் 2000 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பயிற்சி ஆகும். இது பின்னர் 'பிராம்ப்ட்' என்ற பெயரில் பிற நாடுகளுக்கும் பரவியது.

பயிற்சி முறை

பேறுகாலச் செவிலியர், மகப்பேற்று மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் ஆகியோர் தனித்தனியே அன்றி ஒன்றாகவே பயில்கின்றனர். கடும் இரத்தப்போக்கு, பேறுகால வலிப்பு, குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளுதல் முதலியன ஒத்திகை பார்க்கப்படுகின்றன. தாயாக ஒருவர் நடிப்பார். அல்லது பொம்மை பயன்படுத்தப்படும். பயிற்சி பெரும்பாலும் அவர்கள் அன்றாடம் பணிபுரியும் மருத்துவமனையிலேயே நடைபெறும்.

சிக்கல் இன்னதென்று உரக்கச் சொல்லுதல், பெயர் சொல்லிப் பணியை ஒப்படைத்தல், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லுதல் ஆகியவையும் பயிற்சியின் பகுதிகளே. கணினி வலையமைப்புகளில் செய்தி கிடைத்ததும் ஒப்புகை அனுப்பப்படுவதை இதனுடன் ஒப்பிடலாம்.

தோள் சிக்கல்

தலை வெளிவந்த பின்னர் குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் தடைபடுவது தோள் சிக்கல் எனப்படும். இது யாருக்கு நேரும் என முன்கூட்டிக் கணிப்பது கடினம்; சரிசெய்யச் சில நிமிடங்களே உண்டு. பதற்றத்தில் தலையைப் பலமாக இழுத்தால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் சிதைந்து, கை நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். முதலில் செய்யவேண்டியது, தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி நன்கு மடக்குவதாகும் (மெக்ராபர்ட்ஸ் முறை).

கருவி எதுவும் தேவைப்படாத இம்முறை, சவுத்மீட்டில் பயிற்சிக்கு முன்னர் தோள் சிக்கிய பேறுகளில் 29.3% இல் மட்டுமே கையாளப்பட்டிருந்தது. பயிற்சிக்குப் பின் இது 87.4% ஆனது. காயமடைந்த குழந்தைகளின் விகிதம் 9.3% இலிருந்து 2.3% ஆகக் குறைந்தது. 2009-2012 காலப்பகுதியில் தோள் சிக்கிய 562 பேறுகளில் ஒரு குழந்தைக்கும் நிரந்தர நரம்புப் பாதிப்பு ஏற்படவில்லை.

பயன் குறித்த ஆய்வுகள்

பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் குழந்தையின் நிலையைக் காட்டும் ஆப்கார் மதிப்பெண் 6 அல்லது அதற்குக் குறைவாக இருந்த குழந்தைகள், சவுத்மீட்டில் 10,000 பிறப்புகளுக்கு 86.6 இலிருந்து 44.6 ஆகக் குறைந்தனர் என 2006 இல் வெளியான ஆய்வு கூறியது. எனினும் இது பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ள நிலைகளை ஒப்பிட்டது மட்டுமே. அக்காலத்தில் நிகழ்ந்த வேறு மாற்றங்களின் விளைவை இதிலிருந்து பிரித்தறிய இயலாது.

ஸ்காட்லாந்தில் 12 மகப்பேற்றுப் பிரிவுகளில், குலுக்கல் வரிசைப்படி படிப்படியாகப் பயிற்சி அறிமுகப்படுத்தப்பட்டு ஆராயப்பட்டது. 2020 இல் வெளியான அதன் முடிவுகளில் ஆப்கார் மதிப்பெண்ணில் முன்னேற்றம் காணப்படவில்லை. ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் வேரூன்றிய பழக்கத்தை, கையேட்டையும் பயிற்சியாளரையும் கொண்டு மற்றோரிடத்தில் எவ்வளவு உருவாக்க முடியும் என்பது விவாதத்துக்குரியதாகவே உள்ளது.