வெள்ளாவிச் சூடும் முப்பது டிகிரியும்

அழுக்கு போவது வேறு, கிருமி சாவது வேறு. பளிச்சென்று வெளுத்த வேட்டியிலும் பூஞ்சை உயிரோடு இருக்கலாம். மங்கிப்போன பழைய துண்டில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கிருமிக் கணக்கை மட்டும் வைத்து அந்தக் கால வெள்ளாவியையும் இன்று வீட்டு மூலையில் சுழலும் வாஷிங் மெஷினையும் பக்கத்தில் வைத்தால், மெஷின் சுலபமாக ஜெயித்துவிடுவதில்லை.

வெள்ளாவிக்குத் துணியை முதலில் உவர்மண் கரைத்த நீரில் முக்கிப் பிழிவார்கள். உவர்மண்ணில் வேலை செய்வது சோடியம் கார்பனேட். கடையில் நாம் வாங்கும் சலவைச் சோடாவும் அதுதான். அடுப்பில் பதித்த சால்களில் தண்ணீர் ஊற்றி, அவற்றின் வாயைச் சுற்றித் துணியைக் கோபுரமாக அடுக்கி, மூடிவிட்டுத் தீ மூட்டினால் இரவு முழுக்க ஆவி துணிக்குள் ஏறும். இட்லிப் பானையின் வேலைதான், அளவு பெரியது. காரமும் 100 டிகிரியை ஒட்டிய ஆவியும் மணிக்கணக்கில் சேர்ந்தால் பேன், சிரங்குப் பூச்சி, பூஞ்சை, பெரும்பாலான பாக்டீரியா எதுவும் தாங்காது. மருத்துவமனைத் துணிக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவு 71 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம். கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் வெள்ளாவி அதைத் தாண்டியிருந்தது. சாயம் போகும் என்று வெள்ளாவியில் வைக்காமல் ஒதுக்கிய வண்ணத் துணிக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

மெஷினுக்கு வருவோம். நம் வீடுகளில் உள்ள டாப் லோடுகளில் பலவற்றுக்கு ஹீட்டரே கிடையாது. ஹீட்டர் உள்ளவற்றிலும் துணி நைந்துவிடும், கரண்ட் பில் ஏறும் என்று 30, 40 டிகிரியைத் தாண்ட மாட்டோம். கிருமிகளில் பெரும்பகுதியை சோப்பும் சுழற்சியும் சாக்கடைக்கு அனுப்பிவிடும், மறுக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒரு துணியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். கதவைச் சுற்றிய ரப்பர் வளையத்தின் மடிப்பிலும் பவுடர் தட்டிலும் வழவழப்பாகப் படிந்து குடியேறும். மழைக்காலத்தில் துவைத்த துணியே நாறுகிறதே, அதற்குக் காரணம் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். வாசனைத் திரவம் ஊற்றினால் அந்த நாற்றம் மறையும், பாக்டீரியா இருந்த இடத்திலேயே இருக்கும்.

நாற்றத்தோடு போனால் பரவாயில்லை. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா ஆக்சிடோகா என்ற பாக்டீரியா குழந்தைகளின் உடலில் திரும்பத் திரும்பத் தென்பட்டது. பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடிப்போனபோது அது சிக்கிய இடம், குழந்தைகளின் பின்னல் குல்லாவும் காலுறையும் துவைத்த வீட்டு ரக மெஷின். அதன் ரப்பர் வளையத்திலும் பவுடர் தட்டிலும் அதே கிருமி. மெஷினை அகற்றினார்கள், பரவல் நின்றது. நல்லவேளையாகக் குழந்தைகள் யாருக்கும் நோய் முற்றவில்லை. இந்த ஆய்வு 2019இல் வெளியானது.

அதற்காக வெள்ளாவிக்கு மாலை போட்டுவிட முடியாது. ஆவியில் வெந்த துணியை ஆற்றில்தான் அலசினார்கள். ஆறு சாக்கடையானால் அத்தனை சூடும் வீண். அதைவிடப் பெரிய குறை, அழுக்குத் துணி வெள்ளாவிக்குப் போகும்முன் யார் கையில் இருந்தது என்பது. தீட்டுத் துணி, பிரசவத் துணி, அம்மை கண்ட வீட்டுப் பாய்விரிப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தூக்கியது துணி வெளுத்த ஒரே சாதி. ஊர் சுத்தமாக இருந்தது, ஆபத்தை அவர்கள் சுமந்தார்கள். அழுக்குத் துணியில் ஆபத்து இருப்பதற்கு துனிஸ் நகர மருத்துவமனை ஒரு சான்று. அங்கே டைபஸ் காய்ச்சல் நோயாளிகளை வார்டில் கவனித்தவர்களுக்கு நோய் வரவில்லை. வாசலில் நோயாளிகள் கழற்றிப் போட்ட துணியை எடுத்தவர்களுக்கும் துவைத்தவர்களுக்கும் வந்தது. இதைக் கவனித்த சார்லஸ் நிக்கோல்தான் உடற்பேன் வழியாக அந்த நோய் பரவுவதை 1909இல் நிறுவினார். இந்த ஒரு விஷயத்தில் மெஷின் செய்திருப்பது பெரிய காரியம்: அவரவர் அழுக்கை அவரவர் வீட்டிலேயே நிறுத்தியிருக்கிறது.

வீட்டுக்குள் நின்ற அழுக்கு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது என்பதற்கு, இப்போது குடும்பம் குடும்பமாக வரும் படர்தாமரையே சாட்சி. 30 டிகிரியில் துவைத்தால் அந்தப் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும், 60 டிகிரியில் சாகும். தோல் மருத்துவர்கள் களிம்பு எழுதும்போதே துண்டைப் பகிராதீர்கள், துணியை வெந்நீரில் தனியாக ஊறவையுங்கள், வெயிலில் காயப்போடுங்கள், இஸ்திரி போடுங்கள் என்கிறார்கள். வெள்ளாவியின் சூட்டில் மிச்சமிருப்பது அந்த இஸ்திரிப் பெட்டிதான். ஆனால் தெருமுனை வண்டிக்குப் போவது சட்டை, பேண்ட், புடவை. சூடு அதிகம் வேண்டிய ஜட்டியும் பனியனும் துண்டும் போவதில்லை. அவற்றைக் கொடுக்க நமக்குக் கூச்சம்.