பெயர் அச்சாகாத படங்கள்

பாலம் விமான நிலையத்தில் நேரு காத்து நிற்கிறார். பக்கத்தில் ஒரு பலகை: புகைப்படம் எடுப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது என்கிறது அது. தங்கை விஜயலட்சுமி பண்டிட்டை வரவேற்க அவர் வந்திருந்த 1954ஆம் ஆண்டின் படம் இது. பலகையையும் பிரதமரையும் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்திய குறும்பைப் பலரும் ரசித்திருக்கிறார்கள். அந்தக் குறும்புக்குச் சொந்தக்காரர் ஹோமாய் வியாரவாலா என்பது நீண்டகாலம் பெரும்பாலோருக்குத் தெரியாது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்ற அடைமொழியோடு இப்போது அவரை நினைவுகூர்கிறோம். அடைமொழி பொய்யில்லை, ஆனால் அது அவருடைய இடத்தைச் சுருக்கிவிடுகிறது. புதிதாகப் பிறந்த ஒரு நாட்டின் தலைவர்களை எவ்வளவு பக்கத்தில் நின்று, எந்த முகபாவத்தோடு பார்க்கலாம் என்பதற்கு ஒரு அளவை வைத்தவர் அவர். அவர் விட்டுச்சென்ற செல்வாக்கும் அந்த அளவில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 'முதல்' என்ற சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். கல்கத்தாவில் அன்னபூர்ணா தத்தா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே படமெடுப்பதைத் தொழிலாகச் செய்தவர். மனோபினா ராய், தேபலீனா மஜும்தார் என்ற இரட்டைச் சகோதரிகள் 1930களில் கேமராவும் கையுமாக இருந்தவர்கள். ஆகவே இந்தியப் பெண்கள் கைக்குக் கேமரா வந்தது ஹோமாயோடு அல்ல. அவர் நுழைந்த வாசல் வேறு. செய்தி நடக்கும் இடத்துக்கு ஆண்களோடு முண்டியடித்துப் போய், அன்றைக்கே படத்தைக் கொண்டுவந்து பத்திரிகைக்குக் கொடுத்து, அதற்குக் கூலி வாங்கும் வேலை அது. 1913இல் நவ்சாரியில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஊர் ஊராகப் போகும் நாடகக்குழுவைச் சேர்ந்தவர். பம்பாயில் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தார். பிற்பாடு கணவரான மானெக்‌ஷாவிடம் தொழில் பழகினார். 'பாம்பே கிரானிக்கிள்' இதழில் வந்த அவருடைய முதல் படங்களுக்கு ஒரு படத்துக்கு ஒரு ரூபாய் கிடைத்தது. 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யில் வந்த தொடக்கக்காலப் படங்களோ மானெக்‌ஷாவின் பெயரில் அச்சாயின. அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் பெயரைவிட அந்தப் பெயர் விலைபோனது. பிறகு அவரே வைத்துக்கொண்ட புனைபெயர் 'டால்டா 13'. பிறந்த ஆண்டு 13, கணவரைச் சந்தித்த வயது 13, காரின் எண் டி.எல்.டி. 13. சமையலறை டப்பாவின் பெயரை விளையாட்டாகச் சூட்டிக்கொண்டவர், தன் பெயர் காணாமல்போவதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொண்டிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

1942இல் பிரிட்டிஷ் தகவல் துறையின் வேலைக்காகத் தில்லிக்குக் குடிபெயர்ந்தார். கையில் ஸ்பீட் கிராஃபிக் கேமரா, பிறகு ரோலிஃப்ளெக்ஸ், உடம்பில் சேலை. பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு சேலையில் வந்தவரை அக்கால ஆண்கள் பலர் விளையாட்டுக்கு வந்தவராகவே நினைத்தார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அலட்சியம் அவருக்கு வசதியாகவும் அமைந்தது; பொருட்படுத்தாத ஆளின் முன்னால் யாரும் முகத்தைத் திருத்திக்கொள்வதில்லை. கருவியும் தன் பங்குக்கு அவரைப் பழக்கியது. ஸ்பீட் கிராஃபிக்கில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் தாளை மாற்ற வேண்டும். ஃப்ளாஷ் பல்பு ஒருமுறை எரிந்தால் அதோடு சரி. இன்றைக்குப்போல நூறு படம் எடுத்துவிட்டு ஒன்றைப் பொறுக்குகிற ஆடம்பரம் கிடையாது. காத்திருந்து, அளந்து, ஒன்றை எடுக்க வேண்டும். அப்படி அவர் எடுத்த ஒரு படம்: விமானத்துக்குள் பிரிட்டிஷ் துணைத் தூதரின் மனைவிக்கு நேரு சிகரெட் பற்றவைக்கிறார். நேருவின் வாயிலும் ஒன்று. சிரிப்பதற்கும் இகழ்வதற்கும் இடம் தரக்கூடிய காட்சிதான். படத்தில் இருப்பதோ இரண்டு மனிதர்களுக்கிடையே நடக்கும் சாதாரண உபசாரம் மட்டும். நெருக்கம் இருக்கிறது, ஏளனம் இல்லை.

இந்த இடத்தில் வலுவான ஓர் ஆட்சேபம் எழும். அதே ஆண்டுகளில் மார்கரெட் பூர்க்-வைட் 'லைஃப்' இதழுக்காகப் பிரிவினையின் அகதிகளைப் பின்தொடர்ந்தார். சுனில் ஜானா வங்கப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களைப் படமெடுத்தார். ஹோமாய் எடுத்ததெல்லாம் விருந்துகள், வரவேற்புகள், கொடியேற்றங்கள். அது அதிகாரத்தின் ஆல்பம்தானே என்று கேட்டால், பாதி உண்மை என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். தில்லியின் எல்லைக்குள், தூதரகங்களும் அமைச்சகங்களும் அழைத்த இடங்களில்தான் அவர் பெரும்பாலும் வேலை பார்த்தார். நாதுலா கணவாய் வழியாக தலாய் லாமா இந்தியாவுக்குள் நுழைந்த 1956ஆம் ஆண்டுப் படத்தைப் போன்றவை விதிவிலக்குகள். ஆனால் பிரிவினையை அறிய அகதி முகாம்களின் படம் மட்டும் போதாது. அதைத் தீர்மானித்த அறையின் படமும் வேண்டும். 1947 ஜூனில் காங்கிரஸ் கூட்டத்தில் பிரிவினைத் திட்டத்துக்கு வாக்களிக்கத் தலைவர்கள் கையை உயர்த்தியதை ஹோமாய் படமெடுத்தார். புத்தகத்தில் படித்தால் அது ஒரு தீர்மானம், ஒரு தேதி. படத்தில் அது தூக்கிய கைகள். கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட முடிவு எவ்வளவு சாதாரணமான அசைவில் எடுக்கப்பட்டது என்பதை எந்த அகதி முகாமின் படமும் சொல்லாது. இரண்டு வகைப் படங்களும் எதிரெதிரானவை அல்ல, ஒன்றுக்கொன்று சாட்சி. அவருடைய ஆல்பத்திலும் ஒரு வெற்றிடம் உண்டு. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகைக்குக் கிளம்பியவரைக் கணவர் மறுநாள் சேர்ந்து போகலாம் என்று நிறுத்திவிட்டார். காந்தியின் இறுதி ஊர்வலம் அவர் படங்களில் இருக்கிறது. அவர் சுடப்பட்ட அந்த மாலை இல்லை. அதை எண்ணி ஹோமாய் கடைசிவரை வருந்தினார்.

இன்னொரு ஆட்சேபம் செல்வாக்கைப் பற்றியது. மானெக்‌ஷா 1969இல் இறந்தார். மறு ஆண்டே ஹோமாய் தொழிலை விட்டார். புதிதாக வந்த படக்காரர்களின் நடத்தை பிடிக்கவில்லை என்றார். அதன்பின் வடோதராவில் தோட்ட வேலையும் தச்சு வேலையுமாக ஒதுங்கி வாழ்ந்தார். பள்ளி நடத்தவில்லை, சீடர்களை உருவாக்கவில்லை. அவர் தலைமுறையில் அந்த வேலைக்கு வேறு பெண்கள் வந்ததாகவும் சொல்ல முடியாது. அப்படியிருக்க எந்தச் செல்வாக்கு? குரு-சிஷ்யப் பரம்பரையில் தேடினால் கிடைக்காது என்பது சரிதான். ஆனால் செல்வாக்குக்கு வேறு தடமும் உண்டு. சபீனா கடிஹோக் 1998இல் எடுத்த 'மூன்று பெண்களும் ஒரு கேமராவும்' என்ற ஆவணப்படம் ஹோமாயை ஷேபா சாச்சி, தயானிதா சிங் ஆகிய பிற்காலப் படக்காரர்களுடன் ஒரே வரிசையில் வைத்தது. பெண்கள் இயக்கத்தைப் படமெடுத்த ஷேபா, படம் எடுக்கப்படுபவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அவரோடு சேர்ந்தே முடிவு செய்தார். சந்தர்ப்பம் பார்த்துச் சொடுக்குகிற ஹோமாயின் முறைக்கு அது நேர் எதிர். ஆனாலும் எதிரில் நிற்பவரின் மரியாதையைக் கேமரா திருடக் கூடாது என்ற கவலை இருவருக்கும் பொது. அந்த மரியாதையைப் பணிவு என்று சிலர் சொல்லலாம். பணிவுள்ளவர் தடைப் பலகையையும் பிரதமரையும் ஒரே சட்டகத்தில் சேர்த்து எடுக்க மாட்டார்.

தலைவர்களைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் இறுகிய பின், அந்த நெருக்கம் எந்தப் படக்காரருக்கும், ஆணோ பெண்ணோ, வாய்க்கவில்லை. நேரு காலத்துத் தில்லி இன்று நம் கண்ணில் ஒரு வீட்டுக்குள் நடந்த விழாவைப்போலத் தெரிகிறதென்றால், அதில் ஹோமாய் எடுத்த படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவரைப் பற்றிய கடிஹோக்கின் நூல் 2006இல் வந்தது. பத்ம விபூஷண் 2011இல், தொண்ணூற்றேழாம் வயதில் வந்தது. 2012 ஜனவரியில் ஹோமாய் இறந்தார். நெகட்டிவ்களும் பிரதிகளும் தில்லியில் அல்காசி அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கின்றன. ஒரு காலத்தில் கணவரின் பெயரில் அச்சேறிய படங்களுக்கு அடியில் இப்போது அவர் பெயர் வருகிறது.