புரத இழையின் முறுக்கு: சென்னைக் கணக்கும் லேசர் ஒளியும்

மானாம்பதி போன்ற ஊர்களில் முன்பு கவலை இறைத்த வடத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, அதன் புரிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கேறியிருப்பது தெரியும். வடத்தை இழுத்த மாட்டின் தோலுக்கு வலிவு தரும் கொல்லாஜென் என்னும் புரதமும் முப்புரி வடமே. இதை எடுத்துரைத்தவர் சென்னைப் பல்கலைக் கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், சர் சி. வி. இராமனின் மாணவர்.

கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணையால் அவர் வகுத்த அமைப்பு 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. மறு ஆண்டு அதைத் திருத்தியும் வெளியிட்டார். ஆனால் ரிச், கிரிக் ஆகிய இருவரும், அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று மறுப்புக் கூறினர். சொன்னவர்களுள் ஒருவர் டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்ட கிரிக்! இராமச்சந்திரன் வாதாடுவதோடு நிற்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே ஆராயப் புகுந்தார்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் அது இரண்டு இடங்களில் திரும்பலாம். எந்தெந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டார். 1963இல் வெளிவந்த ‘இராமச்சந்திரன் வரைபடம்’ இதுவே. படத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட இடம். சில திட்டுகளே அனுமதிக்கப்பட்டவை. இன்றும் புதிதாகக் கண்ட புரத அமைப்பு சரிதானா என்று இதைக் கொண்டு சோதிக்கிறார்கள்.

இக்கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதில் நீர் இல்லை. அண்டை மூலக்கூறும் இல்லை. சங்கிலியின் ஒரு சிறு துண்டு தன்னந்தனியே நிற்பதாகவே கொள்ளப்பட்டது. உடலிலோ படிகத்திலோ அத்தகைய தனிமை ஏது?

அந்தத் தனிமையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப் பல்லாண்டுகள் ஆயின. பெப்டைடு எனப்படும் சிறு சங்கிலியை லேசர் துடிப்பால் ஆவியாக்கி, வெற்றிடத்தில் பாயும் ஆர்கான் வாயுத் தாரையில் கலக்கிறார்கள். தாரை விரியும்போது கடுங்குளிர் அடைகிறது. மூலக்கூறுகளின் ஆட்டம் அடங்குகிறது. பின்னர் புற ஊதா லேசர் ஒன்று, குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் உள்ளவற்றை மட்டும் அயனியாக்கும். அதற்கு முன்பே அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சி அதன் அலைநீளத்தை மாற்றிக்கொண்டே வந்தால், மூலக்கூறு அதை உறிஞ்சும் இடங்களிலெல்லாம் அயனிகள் குறையும். நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு கட்டின்றி இருந்தால் ஓர் அதிர்வெண்ணிலும், வேறோர் ஆக்சிஜனைப் பற்றியிருந்தால் அதனினும் குறைந்த அதிர்வெண்ணிலும் உறிஞ்சும். இதிலிருந்து மடிப்பு புலனாகிறது.

பிரான்சு நாட்டின் சாக்லே ஆய்வு நிலையத்தில் மிஷேல் மோன்ஸ் குழுவினர், புரதங்களில் காணும் பீட்டா வளைவு சிறு பெப்டைடுகளில் தானாகவே அமைவதை 2005இல் இவ்வாறு காட்டினர். பற்றுவதற்கு நீர் இல்லாததால் சங்கிலி தன்னையே பற்றிக்கொள்கிறது. 1963ஆம் ஆண்டுக் கணக்கு அணுக்களின் மோதலை மட்டுமே பார்த்தது. ஹைட்ரஜன் பிணைப்பின் இந்த ஈர்ப்பு அதில் சேரவில்லை. முழுப் புரதத்தை இதே தெளிவுடன் படிப்பது கடினம். கண்ணிகள் பெருகப் பெருக அவற்றின் உறிஞ்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடுகின்றன.